நனோ பிளாஸ்க்குக்கு 24,500 ரூபா குடுக்கலாமா? ஒரு தங்கச்சிட கேள்விக்குப் பதில்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. வீட்டில தையல் வேல, புருஷன் படுவான்கரையில 3 ஏக்கர் வேளாண்மை செய்யிறார். கடிதம் கொஞ்சம் நீளம், முக்கியமானத மட்டும் எடுத்துப் போடுறன்.

"சேர், எங்கட மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு ஆள் வந்து நனோ பிளாஸ்க் என்டு ஒண்டக் காட்டினார். அதுக்குள்ள தண்ணி ஊத்தி வெச்சா தண்ணி நனோ துணிக்கையா உடைஞ்சு உடம்புக்குள்ள கெதியாப் போகுமாம், சுகர் பிரசர் எல்லாம் குறையுமாம். 24,500 ரூபா. மாமிக்கு சுகர் இருக்கிறதால அவ வாங்கச் சொல்றா. அதே மாமிதான் கொரோனா ஊசியில நனோ இருக்கு என்டு கேள்விப்பட்டு மூண்டாவது ஊசி போடாம விட்டவ. மகள் ஓ.எல் படிக்கிறா, அவ பூசுற சண் கிறீம்ல சின்ன எழுத்தில நனோ என்டு போட்டிருக்கு, அது தோலுக்குள்ளால போய் ரத்தத்தில கலக்குமா என்டு எனக்குப் பயமா இருக்கு. இவர் வேற, நனோ யூரியா போத்தல் அடிச்சா மூட்ட யூரியா தேவையில்ல என்டு ஆரோ சொன்னதக் கேட்டுட்டு வந்து நிக்கிறார். நனோ என்டா நல்லதா கெட்டதா சேர்? எனக்கு சயன்ஸ் விளங்கா, விளங்கிற மாதிரிச் சொல்லுங்க."

தங்கச்சி, முதல்ல பிளாஸ்க்கு. வாங்காதீங்க. ஏற்கனவே முற்பணம் குடுத்திருந்தா திருப்பிக் கேளுங்க. மாமி மருந்த நிப்பாட்டுற கதை கதைச்சா, அதுக்கு மட்டும் ஒருநாளும் விட்டுராதீங்க. மிச்சத்த ஆறுதலா வாசியுங்க, ஏனென்டா நீங்க கேட்ட நாலு சாமானுக்கும் நாலு விதமான பதில் இருக்கு, நல்லதா கெட்டதா என்டு ஒரே சொல்லில சொல்ல ஏலா.

நான் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற ஆள், நனோ பொருள்கள்தான் என்ட ஆராய்ச்சியும். 16 வருஷமா இதோடதான் கிடக்கிறன். நனோ என்டு ஒரு சாமான் உலகத்தில இல்ல. அது ஒரு அளவு மட்டும்தான், முழம் மாதிரி, இஞ்சி மாதிரி. ஒரு முழம் நல்லதா கெட்டதா என்டு ஆரும் உங்களிட்டக் கேட்டா என்ன சொல்லுவீங்க, என்னத்தில ஒரு முழம் என்டுதானே திருப்பிக் கேப்பீங்க? நனோவையும் அப்பிடித்தான் கேக்கோணும்: எந்தப் பொருள், என்னத்துக்குள்ள கிடக்கு, எவ்வளவு கிடக்கு.

உங்கட இஞ்சி டேப்ப மற்றப் பக்கம் திருப்பினா மில்லிமீற்றர் கோடு இருக்கும். அதில ஒரு சின்னக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில இருக்கிற இடத்தப் பத்து லட்சமாப் பிரிச்சா அதில ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். தலமயிர் ஒண்டு கிட்டத்தட்ட 80,000 நனோமீற்றர் தடிப்பு. ரத்தத்தில ஓடுற சிவப்பணு 7,000. டெங்கு வைரஸ் 50. பொதுவா 1 நனோமீற்றரில இருந்து 100 வரைக்கும் உள்ளதத்தான் நாங்க நனோ என்டு சொல்றது.

சரி, சின்னதாப் போனா என்ன வந்தது? தேங்காயப் பாதியா உடைச்சுத் தண்ணிக்குள்ள போட்டா பால் வராது, துருவினாத்தான் வரும், ஏனென்டா துருவக்குள்ள தண்ணி படுற இடம் கூடுது. அதையே கணக்காச் சொன்னா, பக்கம் ஒரு சென்ரிமீற்றர் உள்ள ஒரு கட்டிய எடுங்க, அதுக்கு வெளிப்புறம் 6 சதுர சென்ரிமீற்றர்தான். அதே கட்டிய ஒரு நனோமீற்றர் கட்டிகளா வெட்டிக்கொண்டே போனா எல்லாத்திட வெளிப்புறமும் சேர்த்து 6,000 சதுர மீற்றர் வரும். கிட்டத்தட்ட ஒண்டரை ஏக்கர் வயல், உங்கட மூண்டு ஏக்கரில பாதி, ஒரு கைக்குள்ள! அதாலதான் நனோ அளவில மருந்து வேற மாதிரி வேல செய்யும். துணிக்கை அந்தளவுக்குச் சின்னதாப் போனா நிறமும் வேற மாதிரித் தெரியலாம்.

நிறம் என்டு சொன்னாப்போல நான் வகுப்பில செஞ்ச ஒண்டச் சொல்லோணும். காலாவதியான கொரோனா ரபிட் டெஸ்ட் கார்ட் ஒண்டு கிடந்தது, பாவிக்காதது. அத ஸ்குரூ டிரைவரால நெம்பிப் பிள்ளைகளுக்கு முன்னால பிரிச்சன். உள்ளுக்க சின்னி விரல் அகலம்கூட இல்லாத ஒரு வெள்ளப் பட்டி. ஒரு அந்தத்தில பஞ்சு மாதிரி, அதுக்குப் பக்கத்தில செம்பரத்தம்பூச் சாறு சிந்திக் காஞ்ச மாதிரி ஒரு சிவப்புக் கற. இது என்ன பிள்ளையள் என்டு கேட்டன். மை என்டாங்க, சாயம் என்டாங்க, ஒருத்தி ரத்தம் என்டா. தங்கம் என்டு சொன்னன், ஒருத்தரும் நம்பல்ல. அது உண்மையாவே தங்கம்தான், உங்கட தாலியில இருக்கிற அதே தங்கம், 40 நனோமீற்றர் அளவுக்குச் சின்னதாக்கினா அது வெளிச்சத்தில பச்சப் பக்கத்த இழுத்துக்கொண்டு சிவப்ப விட்டுரும், அதால சிவப்பாத் தெரியும். அந்தத் தங்க மணி ஒவ்வொண்டிலயும் வைரஸப் பிடிக்கிற அன்டிபொடி ஒட்டியிருக்கு. மூக்கில எடுத்தத ஊத்தக்குள்ள ஈரம் அந்தத் தங்கத்தையும் இழுத்துக்கொண்டு பட்டி வழிய ஊரும், வைரஸ் இருந்தா கோடு கிடக்கிற இடத்தில அது மாட்டும், ஒண்டு ரெண்டு மாட்டினா கண்ணுக்குத் தெரியாது, லட்சக்கணக்கில சேரக்குள்ளதான் எங்களுக்கு ஒரு சிவப்புக் கோடாத் தெரியிற. கர்ப்பம் பாக்கிற பட்டியில கனக்கவும் இதே வேலதான், டெங்குக்கு பாமசியில பாக்கிற கார்டிலயும் அனேகமா இதுதான். நீங்க மகள் வயித்தில வந்தத எப்பிடி அறிஞ்சீங்களோ தெரியா, பட்டி வெச்சுப் பாத்திருந்தா அண்டைக்கே நனோ உங்கட வீட்டுக்குள்ள வந்துட்டு. மைக்கல் ஃபரடே 1857-லயே தங்கத்த இப்பிடிச் சிவப்புத் தண்ணியாக் கரைச்சு வெச்சு, இது துணிக்கை சின்னதாப் போனதால வாற நிறம் என்டு சொல்லிட்டார்.

இப்ப பிளாஸ்க்குக் கதைக்கு வாறன். தண்ணி மூலக்கூறு ஒண்டு 0.3 நனோமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. உங்கட கிணத்துத் தண்ணியும் அப்பிடித்தான், இளநித் தண்ணியும் அப்பிடித்தான். அது ஏற்கனவே நனோவ விடச் சின்னன், அத நனோவா உடைக்க அங்க ஒண்டும் இல்ல. இன்னும் சின்னதா உடைச்சா அது தண்ணியே இல்ல, ஐதரசனும் ஒட்சிசனுமாப் போயிரும். கூட்டம் கூட்டமா இருக்கிற தண்ணியப் பிரிக்குது என்டும் சிலர் சொல்லுவாங்க, தண்ணி மூலக்கூறுகள் ஒண்டையொண்டு பிடிக்கிறதும் விடுறதும் ஒரு செக்கனில கோடிக் கணக்கான தரம் நடக்கிற விஷயம், ஒரு பிளாஸ்க்கால பிரிச்சு வெச்சு நீங்க குடிக்கும் வரைக்கும் அப்பிடியே வெச்சிருக்க ஏலா.

காசு போறது ஒரு பக்கம் தங்கச்சி. எனக்கு உண்மையாப் பயம் என்னென்டா, என்ட ஒழுங்கையில ஒரு ஐயா இப்பிடி ஒரு சாமான நம்பி கிளினிக் போறத நிப்பாட்டினவர். ஆறு மாசம் அந்தத் தண்ணியக் குடிச்சுக்கொண்டு நல்லா இருக்கன் என்டுதான் சொன்னார், பிறகு பெருவிரல்ல ஒரு புண் வந்து ஆறாமப் போய், கடைசியில விரலே எடுத்த. சுகர் ஏறக்குள்ள நோகாது, அதாலதான் ஏமாறுற. மாமியக் கிளினிக் நாளைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்க, ரத்தத்தில சுகர் எவ்வளவு என்டு அவ கண்ணால பாக்கட்டும். இன்னொண்டு, "நெகடிவ் அயன்", "குவாண்டம் எனர்ஜி" என்டு சொல்லிக் கழுத்தில போடுறதும் கையில கட்டுறதும் விக்கிறாங்களே, அதில கொஞ்சம் கதிர்வீச்சு வருது என்டு நெதர்லாந்தில அணுப் பாதுகாப்புப் பாக்கிற அதிகாரசபை 2021 டிசம்பர்ல 10 சாமான்களத் தடை செஞ்ச. தூங்கக்குள்ள கண்ணுக்குப் போடுற முகமூடியும் பிள்ளைகள் கையில கட்டுற பட்டியும் கூட அந்த லிஸ்ட்ல இருந்தது. இப்பிடியான ஒண்டும் வீட்டுக்குள்ள எடுக்காதீங்க.

வீட்டுக்குத் தண்ணி பில்டர் தேவையென்டா அது வேற கதை, அதில நனோ உண்மையா வேல செய்யுது. கரையோரத்துக் கிணறுகள் 2004 சுனாமிக்குப் பிறகு எப்பிடி உப்பாப் போச்சு என்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. இதில ஒண்ட மட்டும் நல்லா மனசில வெச்சிருங்க. யூ.எஃப் என்டு விக்கிற பில்டரில ஓட்டை 10 இல இருந்து 100 நனோமீற்றர் வரைக்கும் இருக்கும், பக்டீரியா 1,000 நனோமீற்றர் வரும், அதால கிருமி நிக்கும். உப்பு நிக்காது, அது ஒரு நனோமீற்றரே இல்ல, ஓட்டைக்குள்ளால அப்பிடியே வந்துரும். உப்பு எடுக்க ஆர்.ஓ தான் வேணும். விக்கிற ஆக்கள் ரெண்டையும் ஒண்டாக்கிச் சொல்லுவாங்க, வாங்க முதல் தண்ணிய ஒருக்காப் பரிசோதிச்சுப் பாருங்க, எங்க குடுக்கிற என்டு உங்கட பி.எச்.ஐ-யக் கேட்டாச் சொல்லுவார். கிருமி மட்டும்தான் பிரச்சின என்டா கொதிக்க வெச்சு ஆற வெச்சாலே காணும்.

மகள்ட சண் கிறீம். பயப்படாதீங்க, பூசட்டும். கிரிக்கட் விளையாடுறவங்க மூக்கில வெள்ளையாத் தடவிக்கொண்டு நிப்பாங்களே, அது சிங் ஒக்சைட். வெயிலில வாற புற ஊதாக் கதிரத் தடுக்கிற சாமான், ஆனா வெள்ளப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும், எங்கட நிறத்துக்கு அது இன்னும் மோசமாத் தெரியும், எந்தப் பிள்ளையும் அதப் பூசிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகாது. அதே சிங் ஒக்சைட்ட நனோ அளவுக்கு அரைச்சா வெள்ள நிறம் போயிரும், புற ஊதாக் கதிரத் தடுக்கிற வேல மட்டும் நிக்கும். டைட்டேனியம் டையொக்சைட்டும் இப்பிடித்தான், அதுக்கான மூலப்பொருள் எங்கட கிழக்குக் கரையிலயே புல்மோட்டைக் கறுப்பு மணலில கிடக்கு. தோலுக்குள்ளால போகுமா என்டு கேட்டீங்க. எங்கட தோலுக்கு மேல செத்த கலங்கள் ஓடு வேய்ஞ்ச மாதிரி அடுக்கா இருக்கு, காயமில்லாத தோலில இந்தத் துணிக்கைகள் அந்த அடுக்கோட நிண்டுரும் என்டுதான் இதுவரைக்கும் செஞ்ச ஆராய்ச்சிகள் சொல்லுது. நனோ என்டு சின்ன எழுத்தில போட்டிருக்கிறதும் அபாய அறிவிப்பு இல்ல, ஐரோப்பாவில 2013-ல இருந்து அப்பிடிப் போடத்தான் வேணும் என்டு சட்டம், அதப் பாத்துத்தான் கனபேர் பயப்படுறாங்க. ரெண்டு விஷயத்தில மட்டும் கவனமா இருங்க. ஸ்பிறே மாதிரி அடிக்கிறதோ பவுடரோ வேண்டாம், நுரையீரலுக்குள்ள போற நனோத் தூள் தோலில கிடக்கிற நனோ மாதிரி இல்ல, அதுக்கு நான் ஒருநாளும் ஓம் சொல்ல மாட்டன். காயம், உரஞ்சின இடம், வெடிச்ச பருவில பூச வேண்டாம்.

ஆனா மகள்ட மேசையில நான் தேடிப் பாக்கச் சொல்றது வேற ஒண்டு. வெள்ளையாக்கிற கிறீம் ஏதும் இருக்கா, ஒன்லைன்ல வாங்கினது, செய்த இடம் போடாதது, ஒரு கிழமையில வெளுக்கும் என்டு சொல்றது? அப்பிடியானதுகளில கனக்க இடத்தில பாதரசம் பிடிபட்டிருக்கு. பாதரசம் தோலுக்குள்ளால போகும், சிறுநீரகத்தில போய் நிக்கும். சண் கிறீம்ல இருக்கிற நனோவுக்கு நீங்க பட்ட பயத்த அதுக்குப் படுங்க.

ஊசிக்கு வாறன், சுருக்கமா. மூண்டாவதாக் குடுத்த பைசர் ஊசியில நனோ இருந்தது உண்மை, மாமி கேள்விப்பட்டது அதுமட்டும் சரி. அது கொழுப்புத் துளி, கிட்டத்தட்ட 100 நனோமீற்றர். உள்ளுக்க இருக்கிற ஆர்.என்.ஏ, அதாவது கலத்துக்குச் சேதி சொல்ற மூலக்கூறு, சரியான லேசில உடைஞ்சு போற சாமான், சும்மா ஏத்தினா கலத்துக்குள்ள போக முதல் வழியிலயே அழிஞ்சிரும், அதால நாலு விதக் கொழுப்பில பொதி செஞ்சு அனுப்பின, பணியாரத்துக்குள்ள பயறு வைக்கிற மாதிரி. உள்ள போய் வேல முடிஞ்சாப் பிறகு உடம்பு அத உடைச்சிரும். சிப்பும் இல்ல, இரும்பும் இல்ல. புற்றுநோய் மருந்தொண்ட இதே மாதிரிக் கொழுப்புக்குள்ள வெச்சு 1995-லயே அமெரிக்காவில அனுமதிச்சுட்டாங்க, இதயத்துக்கு வாற பாதிப்பக் குறைக்கிறதுக்காகத்தான் அப்பிடிச் செஞ்ச. மாமிட்ட இத வாசிச்சுக் காட்டுங்க, பயந்த மனுசிய ஏச வேண்டாம்.

நீங்க தைக்கிற ஆள் என்டதால இதையும் சொல்லிட்டுப் போறன். தண்ணி ஒட்டாத துணி, கற பிடிக்காத துணி என்டு நனோப் பேரில வரும். தாமரை இலையில தண்ணி உருண்டோடுறதப் பாத்திருப்பீங்க, அந்த இலைக்கு மேல கண்ணுக்குத் தெரியாத மேடு, மேட்டுக்கு மேல இன்னும் சின்னதா மெழுகுக் குழல்கள், அதால தண்ணி நுனியில மட்டும் தொட்டுக்கொண்டு நிக்கும், ஊத்தையும் அதோட கழண்டு போகும். ஜேர்மனியில பார்த்லொட் என்ட தாவரவியல் பேராசிரியர்தான் 1997-ல இதத் தெளிவா எழுதினவர். துணிக்கு அடிக்கிறதும் இப்பிடி ஒரு மேற்பூச்சுத்தான். தாமரைக்கு மெழுகு தானா வளரும், துணிக்கு வளராது, சலவையிலயும் ஸ்திரிக்கையிலயும் தேஞ்சு போகும். மீற்றருக்குக் கூடக் காசு கேட்டா எத்தின சலவைக்கு நிக்கும் என்டு கேளுங்க. மணக்காத சொக்ஸ் என்டு வெள்ளி நனோ போட்டு வாறதும் அப்பிடித்தான், கழுவக் கழுவ வெள்ளி தண்ணியோட போகும்.

கடைசியா உங்கட அவர்ட வயல். இதில நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன், குறை நினைக்காதீங்க, ஏனென்டா எங்கட காக்காட, அதான் அண்ணன்ட, வயலும் மண்டூர்ப் பக்கம்தான். 2021-ல ரசாயன உரம் இறக்கக்கூடாது என்டு நிப்பாட்டினாங்களே, அந்தப் பெரும்போகத்தில ஒக்டோபர்ல இந்தியாவில இருந்து நனோ நைட்ரஜன் திரவம் வந்தது. நான் நனோ படிச்சவன் என்டு காக்கா போன் எடுத்துக் கேட்டார், இது காணுமாடா தம்பி என்டு. லேபல் என்ன போட்டிருக்கு என்டு கேட்டன். வாசிச்சார். எனக்குக் கணக்கு அந்த இடத்திலயே விளங்கிட்டு, சொல்றதுக்கு வாய் வரல்ல, அவருக்கு அப்ப வேற என்ன வழி இருந்தது?

அந்தக் கணக்க நீங்களும் போடலாம், கூட்டல் கழித்தல் தெரிஞ்சாக் காணும். ஒரு போத்தல் 500 மில்லிலீற்றர். அப்ப வந்ததில நைட்ரஜன் நூத்துக்கு 4 வீதம். அப்ப ஒரு போத்தலுக்குள்ள இருக்கிற நைட்ரஜன் 20 கிராம். ஒரு 100 கிராம் தேயிலைப் பக்கற்றில கால்வாசி இல்ல. இந்தப் போத்தல் 45 கிலோ யூரியா மூட்ட ஒண்டுக்குச் சமன் என்டு சொல்லித்தான் விக்கிற. யூரியாவில நைட்ரஜன் 46 வீதம், அப்ப மூட்டையில 20 கிலோவுக்கு மேல. 20 கிராம் எங்க, 20 கிலோ எங்க, ஆயிரம் மடங்கு வித்தியாசம். வயலுக்கு எறியிற யூரியாவில பாதிக்கு மேல காத்திலயும் தண்ணியிலயும் வீணாப் போறது உண்மைதான், சரி, முக்கால்வாசி வீணாப் போச்சு என்டே வையுங்க, அப்பவும் 5 கிலோ மிஞ்சும், 5,000 கிராம். ஒரு தொன் நெல்லு விளைய பயிருக்கு 15 இல இருந்து 20 கிலோ நைட்ரஜன் வேணும். எவ்வளவு சின்னதா அரைச்சாலும் 20 கிராம் 20 கிராம்தான், அரைச்சு நிறை கூடாது. இலைக்கு அடிக்கிறது வேகமா உள்ள போகும், அத நான் மறுக்கல்ல, ஆனா போறதுக்கு அங்க சாமான் இல்ல.

பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் ரெண்டு வருஷம் வயலிலயே செஞ்சு பாத்தாங்க, வழமையான யூரியாவில ஒரு பங்கக் குறைச்சு நனோ யூரியா அடிச்சதில நெல்லு விளைச்சல் 13 வீதமும் கோதுமை 21.6 வீதமும் விழுந்தது. காக்காட வயல் அந்தப் போகம் கதிர் தள்ள முதலே எலுமிச்சம்பழ நிறத்துக்குப் போயிட்டு. வரம்பில நிண்டுகொண்டு அவர் ஒண்டும் கதைக்கல்ல.

இதுக்காக வேளாண்மைக்கு நனோ சரிவராது என்டு நான் சொல்லல்ல. கோட்டகொட என்ட பேராசிரியையும் அவட குழுவும் ஹோமாகமவில இருக்கிற எங்கட நாட்டு நனோ தொழில்நுட்ப நிறுவனத்தோட சேர்ந்து செஞ்ச ஒரு வேல 2017-ல வெளிவந்தது. எலும்பிலயும் பல்லிலயும் இருக்கிற கனிமம் ஒண்ட நனோவா எடுத்து அதில யூரியாவ ஒட்ட வெச்சு, தண்ணி பட்ட உடன கரைஞ்சு ஓடாம மெல்ல மெல்ல விடுற மாதிரிச் செஞ்சாங்க, இலங்கையில வயலில போட்டுப் பாக்கக்குள்ள யூரியாவ அரைவாசியாக் குறைச்சும் நெல்லு விளைச்சல் நிண்டது. வித்தியாசத்தப் பாருங்க, அங்க நைட்ரஜன் கிலோக் கணக்கில உள்ளுக்க இருக்கு, நனோ செய்யிறது அத ஓட விடாமப் பிடிச்சு வைக்கிற வேல. அரைவாசி என்டது நம்பக்கூடிய கணக்கு. ஆயிரத்தில ஒரு பங்கு நம்பக்கூடிய கணக்கில்ல.

அதால அவருக்கு நான் சொல்றது, இந்தப் போகம் மூட்ட யூரியாவ நிப்பாட்ட வேண்டாம். செலவு குறைக்கோணும் என்டா இலை நிற அட்டை ஒண்ட விவசாயப் போதனாசிரியரிட்டக் கேட்டு எடுத்து, பச்சை குறையக்குள்ள மட்டும் எறியச் சொல்லுங்க, ஒரேயடியா எறியாம பிரிச்சு எறிஞ்சாலே வீண் போறது கனக்கக் குறையும். அந்தப் போத்தல அடிச்சுத்தான் பாப்பன் என்டு நிண்டா ஒரு வரவைக்கு மட்டும் அடிச்சு, பக்கத்து வரவையில வழமை மாதிரி எறிஞ்சு, ரெண்டையும் தனித்தனியா வெட்டி மூட்ட எண்ணட்டும்.

போத்தல் வாங்கியாச்சு என்டா லேபல ஒரு படம் எடுத்து அனுப்புங்க தங்கச்சி, நைட்ரஜன் எத்தின வீதம் என்டு போட்டிருக்கிற இடம் தெளிவாத் தெரியோணும். பிளாஸ்க் ஆள் திரும்ப வந்தா அவர் தாற பேப்பரையும் சேர்த்து அனுப்புங்க.